ஆச்சியின் காது

மனோரமா என்றதும் ஆயிரம் என்ற எண்தான் முதலில் வந்து நிற்கிறது. ஆயிரம் படங்களைத் தாண்டியவர், கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர், ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர். எல்லாம் உண்மை. அண்ணாவோடும் கலைஞரோடும் நாடக மேடையில் நடித்தார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் மூவரோடும் திரையில் நடித்தார். ஆனால் இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லியே அவருடைய கலையைப் பேசாமல் விட்டுவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. எத்தனை படம் என்று கேட்கிறோம். எப்படி நடித்தார் என்று கேட்பதில்லை. அவர் கலையின் வேர் எங்கே இருக்கிறது என்றால், காதில் இருக்கிறது என்பேன். தமிழ் பேசும் மனிதர்களை அவரைப்போல ஊர் வாரியாக, தெரு வாரியாகக் கேட்டு வைத்துக்கொண்ட நடிகர் வேறொருவர் நம்மிடம் இல்லை.

1937இல் மன்னார்குடியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை மறுமணம் செய்துகொண்டதால் தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். தஞ்சைத் தமிழ் வீட்டிலும், செட்டிநாட்டுத் தமிழ் தெருவிலுமாக வளர்ந்தது அந்தப் பிள்ளை. ஒரே சொல்லை இரண்டு ஊர் இரண்டு விதமாக இழுப்பதைச் சிறு வயதிலேயே கேட்டுப் பழகிய காது அது. பிற்காலத்தில் ஊரே அவரை அழைத்த ‘ஆச்சி’ என்ற பெயரும் செட்டிநாடு தந்ததுதான்.

மேடைக்கு அவரைக் கொண்டுபோனது பாட்டு. அப்போது பெண் வேடத்தை ஆண்களே கட்டிய நாடகங்கள் நிறைய. அப்படி வேடமிட்டவர் ஒருவருக்குப் பாட்டு வரவில்லை என்று இந்தச் சிறுமியைப் பாடக் கூப்பிட்டார்கள். பாட வந்தவர் நடிக்கவும் வந்தார். பன்னிரண்டு வயதில் ‘யார் மகன்?’ நாடகத்தில் நடித்தபோது நாடக ஆசிரியர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் சேர்ந்து வைத்த பெயர்தான் மனோரமா. அப்புறம் வைரம் நாடக சபா. பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் குழுவில் கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’. நாடகக் கொட்டகை தருகிற பயிற்சியை எந்த நடிப்புப் பள்ளியும் தர முடியாது. வசனம் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்றால் அந்த வரிசையே சொல்லிவிடும். சிரிப்பு எழும்பும்போது காத்திருந்து, அது அடங்கி முடிவதற்குள் அடுத்த வரியைத் தொடங்கத் தெரிய வேண்டும். மனோரமா படங்களில் ஒரு வசனத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு முன்பு விடுகிற அந்தச் சின்ன இடைவெளி கொட்டகையில் கற்றது. ஸ்டுடியோ தளத்தில் சிரிக்க யாரும் இல்லாதபோதும் தியேட்டரில் சிரிக்கப் போகிறவர்களுக்காக அந்த இடத்தை விட்டுவைப்பார்.

1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. வேடம், நகைச்சுவை. கதாநாயகியானால் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோகும், நகைச்சுவை என்றால் நிலைத்து நிற்கலாம் என்று கவிஞர் சொல்லித்தான் ஒப்புக்கொண்டதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். அந்தப் படம் அவர் பாதையை மாற்றவில்லை. நல்லவேளை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவருக்கு முன்னால் இந்தத் துறையில் பெரிய நடிகைகள் இருந்தார்கள். டி.ஏ.மதுரத்தை என்.எஸ்.கிருஷ்ணனோடும், சி.டி.ராஜகாந்தத்தைக் காளி என்.ரத்தினத்தோடும், எம்.சரோஜாவைத் தங்கவேலுவோடும் சேர்த்தே நாம் நினைக்கிறோம். திரையிலும் வீட்டிலும் ஜோடி. பெண்ணின் நகைச்சுவை அந்த ஜோடிக்குள் வைத்து ரசிக்கப்பட்டது. மனோரமாவுக்கு அப்படியொரு துணை அமையவில்லை. இளம் வயதில் நடந்த திருமணம் விரைவிலேயே முறிந்தது. கைக்குழந்தையோடும் தாயோடும் தனியாகத்தான் நின்றார். அதனாலேயே அவர் யாருடைய பாதியாகவும் ஆகவில்லை. நாகேஷோடு நடித்தால் நாகேஷின் வேகம், சோவோடு நடித்தால் சோவின் குறும்புக்கு ஈடு, தேங்காய் சீனிவாசனோடு, சுருளிராஜனோடு என்றால் அவரவர் தாளம். எதிரே நிற்பவரின் ஓட்டத்தைக் கேட்டு, அதற்கு அரை அடி முன்னாலோ பின்னாலோ நடக்கத் தெரிந்தவர்.

பேச்சுமொழிக்கு வருகிறேன். ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) முத்துக்குளிக்கக் கூப்பிடும் பாட்டில் அவர் தூத்துக்குடிப் பெண். குரல் எல்.ஆர்.ஈஸ்வரியுடையது. ஆனால் தோளும் இடுப்பும் உதடும் அந்தக் கடற்கரைத் தமிழின் இழுப்புக்கே அசைகின்றன. கண்ணை மூடிக் கேட்டால் ஈஸ்வரி, கண்ணைத் திறந்தால் அந்தக் குரலே மனோரமாவுடையதோ என்ற மயக்கம். அடுத்த ஆண்டு ‘பொம்மலாட்ட’த்தில் வி.குமார் இசையில் சென்னை பாஷைப் பாட்டைச் சொந்தக் குரலிலேயே பாடினார். மன்னார்குடிக்காரர் பாடுகிறார் என்று சென்னைக்காரர் எவரும் சந்தேகப்பட இடமில்லை. மெய்யெழுத்தை விழுங்குகிற இடம், ‘டா’வை அழுத்துகிற இடம், மூச்சு வாங்காமல் நான்கு சொல்லை ஒன்றாக உருட்டுகிற இடம் எல்லாம் அச்சு அசல். சில ஆண்டுகள் கழித்து ‘சூரியகாந்தி’யில் அக்கிரகாரத்துப் பேச்சில் ஒரு பாட்டு. 1992இல் ‘சின்னக்கவுண்டர்’ வந்தபோது கொங்குநாட்டுத் தாய். அந்தப் படத்தில் துருத்திய பற்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். பற்களை மறந்துவிட்டு ‘ங்க’ என்று முடிகிற இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். மகனிடம் பேசும்போது ஒரு நீளம், அடுத்தவரிடம் வேறொரு நீளம். பல்லைக் கட்டிக்கொள்வது ஒப்பனைக்காரரின் வேலை. இது நடிகையின் வேலை.

வட்டார வழக்கைச் சினிமாவில் கையாளும்போது ஒரு பெரிய ஆபத்து உண்டு. அந்த ஊர்க்காரரைக் கேலிக்கு ஆளாக்குவது மிகச் சுலபம். மனோரமா அதைச் செய்யவில்லை. அவர் பேசிக்காட்டும் பெண்கள் தங்கள் பேச்சு வேடிக்கையானது என்று அறியாதவர்கள். அவர்களுக்கு அவசரம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஆசை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேசுகிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பெண்ணைச் சின்னவளாக்கிச் சிரிக்கிற சிரிப்பு அது ஆகாது.

இதற்கு முழுச் சான்று ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில்ஜில் ரமாமணிதான். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, 1968இல் ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ், சி.கே.சரஸ்வதி என்று ஒவ்வொருவரும் உச்சத்தில் நிற்கிற படம். கதை பாதி நடந்த பிறகு, இத்தனை பேரும் நம் மனத்தில் இடம் பிடித்துவிட்ட பிறகு, மனோரமா நுழைகிறார். நுழைந்ததும் படத்தின் காற்று மாறுகிறது. ரமாமணி நாடகக்காரி. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிப் பாடிப் பிழைக்கிறவள். குழைந்து, கொஞ்சி, சொற்களை வாய்க்குள்ளேயே உருட்டிப் பேசுகிறாள். மேடையில் பேசிப் பேசி அந்தக் குழைவு வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சிவாஜி நடித்த நாதஸ்வரச் சக்கரவர்த்தி சண்முகசுந்தரத்தைப் பார்த்து, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லார் நாயனத்திலும் வருமா என்று ஒரு கேள்வி கேட்பாள். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு எழும் இடம். அந்தக் கேள்வியை மனோரமா கேட்கிற விதத்தைப் பாருங்கள்: முகத்தில் துளி விளையாட்டு கிடையாது. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கலைஞர் மீது இன்னொரு கலைஞர் வைத்திருக்கிற வியப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சங்கீதம் படிக்காத ஒருத்தி தன் வியப்பைத் தனக்குத் தெரிந்த சொற்களில் சொல்கிறாள், அவ்வளவுதான். சிவாஜியின் முகம் அதைப் புரிந்துகொள்கிறது. அதனால்தான் அவர் சிரிப்பில் ஏளனம் இல்லை.

ரமாமணி வருகிற நேரம் அதிகம் இல்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் அந்தப் படம் உயர்ந்த கலைஞர்களின் போட்டியைப் பற்றி மட்டும் பேசுகிற படமாக நின்றிருக்கும். கொட்டகை நாடகக்காரியும் அதே கலைக் குடும்பத்தைச் சேர்ந்தவள்தான் என்று காட்டியது மனோரமாவின் நடிப்பு. பள்ளத்தூரிலிருந்து புறப்பட்டு அந்தக் கொட்டகைகளிலேயே வளர்ந்தவர் என்பதால் ரமாமணியைக் கொச்சைப்படுத்த அவருக்கு மனம் வராது.

சிரிக்க வைப்பவரைப் பாராட்டுகிறோம். சிரிப்புக்கு இடம்கொடுத்து எதிரே நிற்பவரைக் கவனிப்பதில்லை. ‘காசேதான் கடவுளடா’வை (1972) எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை எல்லாம் தன் பிடியில் வைத்திருக்கிற சித்தியாக மனோரமா, போலிச் சாமியாராக வீட்டுக்குள் நுழைகிற தேங்காய் சீனிவாசன். பெயர் வாங்கியது தேங்காய்தான், நியாயமும்கூட. ஆனால் அந்தச் சாமியாரின் ஒவ்வொரு உளறலையும் வேதவாக்காக எண்ணிக் கைகட்டி நிற்கிற அந்த அம்மாளின் பக்தி கொஞ்சம் குறைந்திருந்தாலும், நகைச்சுவை மொத்தமும் சரிந்திருக்கும். மனோரமா ஓர் இடத்தில்கூட ரசிகரைப் பார்த்துக் கண் காட்டவில்லை. அவர் நம்ப நம்ப நமக்குச் சிரிப்பு கூடுகிறது. மிளகு ரசத்தில் மிளகு தெரியாது, காரம் தெரியும், அப்படிப்பட்ட நடிப்பு.

எண்பதுகளில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ கண்ணம்மா. ஒரு நடுத்தரக் குடும்பத்தில் எல்லாரும் அளந்து பேசுகிறபோது, வீட்டு வேலைக்கு வந்த கண்ணம்மா மட்டும் நினைத்ததை நினைத்த ஒலியில் பேசுகிறாள். குழாயடிச் சண்டைக்காரியாக அவள் வேண்டுமென்றே வேடம் கட்டுகிற காட்சி இன்றுவரை பேசப்படுகிறது. ஒரு பாத்திரமே இன்னொரு பாத்திரமாக நடிப்பது நடிகர்களுக்குச் சோதனை. கண்ணம்மா போடுகிற சத்தத்தில் ஓர் இழை பாசாங்கு இருக்க வேண்டும். ஆனால் எதிரில் இருப்பவர் அதை நம்பவும் வேண்டும். அந்த இழை எங்கே ஓடுகிறது என்று இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பிடிபடும்.

‘நடிகன்’ (1990) பேபியம்மாவை அவருடைய கடைசி முழு நகைச்சுவை வேடம் என்று நான் கருதுகிறேன். கல்யாணமாகாமல் கண்டிப்பே உருவாக வாழ்ந்த ஒருத்தி, கிழவர் வேடத்தில் வந்த சத்யராஜை உண்மைக் கிழவர் என்று நம்பிக் காதல் கொள்கிறாள். இந்தியில் ‘புரொஃபஸர்’ என்று வந்த கதைதான். வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் முதிர்கன்னியைப் பரிகசிக்கிற வேடமாகப் போயிருக்கும். மனோரமா அந்தப் பெண்ணின் வெட்கத்தைக் கேலி செய்யவில்லை. விறைப்பான நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, குரல் இறங்கி மென்மையாகிறது, பூவும் பவுடரும் வருகின்றன. வயதான பெண்ணுக்கும் ஆசை உண்டு என்பதைத் தமிழ் சினிமா இவ்வளவு பரிவோடு சிரிக்கச் சிரிக்கச் சொன்னது அபூர்வம். அந்தக் காதல் பொய்யின் மேல் கட்டியது என்று நமக்குத் தெரிந்திருப்பதால், சிரித்துக்கொண்டே அவளுக்காகப் பயப்படுகிறோம்.

‘நடிகன்’ படத்தின் இயக்குநர் பி.வாசு, அடுத்த ஆண்டே ‘சின்னத்தம்பி’யில் அவரை விதவைத் தாயாக்கினார். அந்தத் தாயை அவமானப்படுத்துகிற காட்சியில் பேபியம்மாவின் சாயல் ஒரு துளி இல்லை. நகைச்சுவை நடிகை அழ வைத்துவிட்டார் என்று அப்போது வியந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் வியப்பில்லை. பேபியம்மாவை நம்ப வைத்த அதே உண்மைதான் இங்கே கண்ணீராக வருகிறது. கருவி ஒன்றுதான், ராகம் வேறு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் கடைசியிலிருந்து நம் இயக்குநர்கள் அவரை அம்மாவாகவே அடைத்துவிட்டார்கள். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘அண்ணாமலை’, ‘கிழக்கு வாசல்’ என்று அம்மாக்கள் வரிசையாக வந்தார்கள். பல படங்களில் அவர் சிறப்பாகவே செய்தார். இருந்தும் மகனுக்காக அழுவதைத் தவிர வேறு வேலையே தராத படங்களும் அந்தக் கூட்டத்தில் ஏராளம். அவற்றில் அவர் குரலை உயர்த்தி உயர்த்தி அழுகிறபோது, ரமாமணியைச் செய்தவருக்கு இதுதானா வேடம் என்று மனம் நொந்துபோகிறது. குற்றம் அவருடையதன்று. ஐம்பதைக் கடந்த ஒரு நடிகைக்கு எழுத நம்மிடம் அதற்கு மேல் கற்பனை இருக்கவில்லை. வடிவேலு நாயகனாக நடித்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் (2006) ராஜமாதாவாக அவர் வந்தபோது, இந்தக் குரலை இன்னும் எவ்வளவு பயன்படுத்தியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

விருதுகள் வந்தன. பார்த்திபனின் முதல் படமான ‘புதிய பாதை’க்குத் துணை நடிகைக்கான தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் தம் 78ஆம் வயதில் காலமானார்.

அவர் படங்களை இன்று தேடிப் பார்க்கிற இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துண்டுதுண்டான சிரிப்புக் காட்சிகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’, ‘காசேதான் கடவுளடா’, ‘நடிகன்’ மூன்றையும் முழுதாகப் பாருங்கள். ஒருமுறை படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள்.