மருந்து தரும் காட்சியும் அணைந்தோர் தன்மையும்

மனநோய் தீர்த்தற்பொருட்டு மனத்தை விரித்துக் காட்டும் மருந்துகளை ஆளும் முறை இந்நாளில் மேனாட்டு மருத்துவரிடைப் பெரிதும் பேசப்படுகின்றது. காளான் வகையினின்று கிடைக்கும் சைலோசைபின் என்பதனை அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 36 பேர்க்குக் கொடுத்து ஆராய்ந்து, 2006 ஆம் ஆண்டில் அம்முடிவினை வெளியிட்டனர். அவருள் மூன்றில் இருபங்கினர், தம் வாழ்நாளிற் பொருள்மிக்க ஐந்து அனுபவங்களுள் அதனையும் ஒன்றாக எண்ணினர். ஆஸ்திரேலியாவில் 2023 சூலை முதல், உரிமை பெற்ற மனநோய் மருத்துவர், பிற மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அதனைக் கொடுக்கலாம். நம் நாட்டிலோ 1985 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கியுள்ளது. ஆயினும், மருந்துண்டு கண்டதனை அன்றாட வாழ்வோடு பொருத்திக்கொள்வது எங்ஙனம் என்னும் வினா அம்மருத்துவர்க்கும் அரிதாகவே நிற்கின்றது.

அவ்வினா என் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. புதுவையில் என்பால் தமிழ் பயின்று, பின்னர்ப் பாரிஸ் நகரிற் குடியேறிய மாணவர் ஒருவர், தாயை இழந்த துயரம் ஆற்றாது, ஒல்லாந்து நாடு சென்று அக்காளான் வகையை உண்டனராம். எல்லாம் ஒன்றாய் ஒளிர்ந்தன என்றும், தாமே சிவம் எனத் தோன்றிற்று என்றும் கூறினார். ஆறு திங்கள் கழிந்த பின்னர், அலுவலும் மனைவி மக்களும் சாரமற்றனவாய்த் தோன்ற, “ஐயா, நான் கண்டது சிவானுபவமாயின் இவ்வாழ்வு எனக்கு எற்றுக்கு? அன்றாயின் நான் பித்தனோ?” எனக் கண்ணீருடன் வினவினார். அவர் கையில் ஆல்டஸ் ஹக்ஸ்லி இயற்றிய, ‘காட்சியின் கதவுகள்’ எனப் பொருள்படும் பெயருடைய ஆங்கில நூல் இருந்தது. அதனை எனக்குப் படித்துப் பொருளும் உரைத்தார். அந்நூல் பற்றி என் சிற்றறிவிற் பட்டதை ஈண்டு எழுதுகின்றேன்.

ஹக்ஸ்லி 1953 மே மாதத்தில் ஒரு காலைப்பொழுது, கள்ளி வகையொன்றினின்று கிடைக்கும் மெஸ்கலினைப் பத்தில் நான்கு கிராம் அளவு நீரிற் கலந்து, மருத்துவர் ஒருவர் உடனிருக்க உண்டார். கண்டதனை 1954 இல் நூலாக்கினார். நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கியதும் அவ்வாண்டே. நூலாசிரியர் தமக்குற்ற குறைகளையும் மறையாது கூறுகின்றார். அந்நேர்மை போற்றற்குரியது. அவர் கொண்ட கோட்பாட்டையே நாம் ஆராய்தல் வேண்டும்.

பேரறிவு அளவின்றிப் பரந்துள்ளதென்றும், மூளை அதனைச் சுருக்கிச் சிறிதளவே உள்விடும் அடைப்பு என்றும், மருந்து அவ்வடைப்பைத் தளர்த்துகின்றதென்றும் அவர் கூறுவர். எனவே, அவர் கருத்தில் கருவியே மறைப்பு ஆகின்றது. சித்தாந்தம் இதற்கு மறுதலை. உயிரை மறைப்பது ஆணவம். மாயையின் காரியமாகிய கருவிகளோ இரவில் ஏற்றிய விளக்குப்போல ஓரளவு விளக்குவன. மலம் பரிபாகம் எய்தாமுன் கருவிகள் கழன்றால், எஞ்சுவது கேவல இருளேயன்றிப் பேரறிவன்று. அஃதேல், அவர் கண்டது யாது? ரோசா முதலிய மலர்களின் நிறமும், நாற்காலிக் கால்களும், தம் காற்சட்டையின் மடிப்புகளுமே பேரொளியுடன் தோன்றின என்கின்றார். மலர்களை நோக்கியிருந்தபொழுதே சச்சிதானந்தம் என்னும் சொல்லின் பொருள் தமக்கு விளங்கிற்று என்றும் எழுதுகின்றார். இவையனைத்தும் கண்ணாகிய கருவி வழிப்பட்ட காட்சியே; சகலநிலை நீங்கிற்றில்லை. திரியைத் தூண்டின் விளக்கு பெருஞ்சுடர் விடும். அதனால் பொழுது புலர்ந்துவிடாது.

இன்னும், அந்நிலையிற் செயல்புரியும் விருப்பம் குன்றிற்றென்றும், உடனிருந்த தம் மனைவியின் கண்களையும் நண்பரின் கண்களையும் வேண்டுமென்றே நோக்காது தவிர்த்தேன் என்றும் அவரே எழுதுகின்றார். என் மாணவர் உற்ற இடரும் இதுவே. இறுதியில், அக்கதவின் வழியே சென்று மீள்பவன் முன்னையினும் அறிவும் பணிவும் உடையனாவான் என்று நூலை முடிக்கின்றார். அது யாங்ஙனம் கைகூடும் என்பதை அவர் கூறினாரல்லர். நூலின் பெருங்குறை இதுவேயாம்.

அவர் கூறாது விட்ட அவ்விடத்தையே மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரமாக வைத்தனர். ஞானம் பெற்றோர்க்கும் வாசனை தாக்கும். ஆதலின் அவர் அடியாரொடு கூடுதலும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனக் கண்டு வழிபடுதலும் வேண்டும் என்பது அதன் கருத்து. முன்னவர் மனிதர் கண்களைத் தவிர்த்தார். அணைந்தோரோ அடியாரைத் தேடிச் செல்வர். பத்தாஞ் சூத்திரமும், ஒன்றாதலை இறைபணியில் நிற்றலோடு சேர்த்தே கூறிற்று. பணியின்றி ‘நானே சிவம்’ என எழுவது ஆணவத்தின் செருக்காகவும் கூடும்.

அற்றேல், அம்மருந்து முற்றும் இகழத்தக்கதோ எனின், அன்று. நோய்க்கு மருந்து, சட்டம் இசைந்த நாட்டில் தக்க மருத்துவர் கைவழி வருமாயின் ஏற்புடைத்தே. அதனைத் தீக்கைக்கு ஈடாகக் கொள்வதே பிழை. புதுவைக்கு அணித்தாய் 1968 இல் தோன்றிய ஆரோவில்லிலும் போதைப்பொருள்கள் 1971 இலேயே விலக்கப்பட்டன. நம்மவருட் சிலர் இத்தகையோரைப் பித்தர் என எள்ளுதலும் தகாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் கொள்கை. ஆதலின், மருந்தின் சார்பு நீங்கியவர்க்கு அடுத்த சார்பு எது என்பதே நாம் கவலைப்படற்குரியது.

மாணவர்க்கு யான் உரைத்தது சிறிதே. “நீர் கண்டது பொய்யுமன்று, முடிவுமன்று. நும் அன்னையார் பொருட்டு நாடோறும் நீராடி ஐந்தெழுத்து ஓதுக, மனைவி மக்களின் முகம் நோக்கிப் பேசுக, இங்குள்ள நாள்வரை வேதபுரீசுவரர் திருக்கோயிலில் அடியாரோடு திருவலகு இடுக” என்றேன். நாற்பது நாள் அங்ஙனம் செய்து பாரிஸ் மீண்டார். அண்மையில் வந்த கடிதத்தில், தம் இளைய மகளுக்குத் தேவாரம் கற்பிக்கத் தொடங்கியதாக எழுதியுள்ளார். அக்காட்சியை அவர் மறந்திலர். மறக்குமாறு யானும் கூறவில்லை.

மெய்ந்நெறி அன்பர்கள் ஆராய்ந்து கொள்க.

சிவம்.