நூற்றாண்டு மலரும் ஜப்பான்காரன் பேயும்

கேமாசுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே 1909-இல் ரயில் ஓடத் தொடங்கியபின், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து நடுப்பகுதியில் காடு அழிந்து ரப்பர் வளர்ந்தது. பாலோ, நியோர், குளுவாங், மெங்கிபோல், ரெங்கம், லாயாங்-லாயாங் என்று ரயில் நின்ற ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களுக்குள் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. ஜாலான் ஹாஜி மானான், மெங்கிபோல், லம்பாக், நியோர், எலாய்ஸ், ரெங்கம், உலு ரெமிஸ் என்று குளுவாங் மாவட்டத்தில் இன்றும் சொல்லப்படும் பள்ளிப் பெயர்களில் பல, அந்தத் தோட்டங்களின் பெயர்களே.

இப்பள்ளிகளின் கடந்த காலம் நமக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, ஆண்டு நிறைவின்போது பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து வெளியிடும் சிறப்பு மலர். மற்றொன்று, ஓய்வு நேரத்தில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. முன்னதை வரலாறு என்று மேடையில் வெளியிடுகிறோம். பின்னதைப் பேய்க்கதை என்று அதட்டி அடக்குகிறோம். இந்தத் தரப்பிரிவு சரியா என்பதுதான் கேள்வி.

மலரைக் குறைத்து மதிப்பிடுவது எளிது. அமைச்சர் வாழ்த்து, கல்வி அதிகாரி வாழ்த்து, தலைமையாசிரியர் உரை, நன்கொடையாளர் பட்டியல், கடைசியில் மளிகைக்கடை, நகைக்கடை, லாரி நிறுவன விளம்பரங்கள் என்ற அடுக்கு மாறுவதே இல்லை. ஆனால் இந்த அடுக்குக்குக் காரணம் எழுதுபவரின் சோம்பல் அல்ல, பள்ளியின் பொருளாதாரம். தோட்டத்து நிலத்தில் நிற்கும் பள்ளி பெரும்பாலும் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருந்தது. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வரும். கூரைக்கும் சுவருக்கும் கணினி அறைக்கும் ஊரார்தான் கையேந்த வேண்டும். ஆகவே மலர் வரலாற்று நூலாக மட்டும் இருக்க முடியாது. அது நன்றிக் கடிதம், வசூல் புத்தகம், அரசுக்கு எழுதிய மனு எல்லாமும்தான். கொடுத்தவர் பெயரை விட்டுவிட்டு எழுதினால் அடுத்த கட்டடத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இந்த நெருக்கடிக்குள்ளும் மலர்கள் செய்திருக்கும் பணி பெரியது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. மறைந்த பள்ளிகளில் பலவற்றுக்கு ஒரு பக்க வரலாறு கூட இல்லை. தோட்டத்து அலுவலகக் காகிதங்கள் கம்பெனி கைமாறியபோது கைவிடப்பட்டன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் குளுவாங் உட்பட ஜோகூரின் பல பகுதிகளை மூழ்கடித்த வெள்ளம் போன்றவை, வீட்டுப் பெட்டிகளில் இருந்த புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் விட்டுவைப்பதில்லை. இத்தகைய சூழலில், தலைமையாசிரியர்களின் வரிசையையும் ஒரு பழைய வகுப்புப் படத்தையும் அச்சில் ஏற்றிய மலர், பல பள்ளிகளுக்கு ஒரே ஆவணம். எழுதியவர்களும் வெளியாட்கள் அல்லர். அங்கேயே படித்தவர்கள், அங்கேயே பிள்ளைகளைச் சேர்த்தவர்கள்.

குறைகளில் முதலாவது, பிறந்த ஆண்டு. தோட்டப்பள்ளி ஒன்றுக்குப் பிறந்தநாள் ஒன்றல்ல. கிராணியோ கங்காணியோ சில பிள்ளைகளைக் கூட்டி எழுத்து சொல்லிக்கொடுத்த நாள் ஒன்று. தனிக்கொட்டகை போட்ட நாள் ஒன்று. அரசுப் பதிவில் ஏறிய நாள் ஒன்று. உதவித்தொகை வந்த நாள் ஒன்று. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜோகூர் அந்தக் கூட்டரசில் சேராத மாநிலம். இருந்தும் பொது வரலாறு எழுதுபவர்கள் அந்தச் சட்டத்தை அப்படியே ஜோகூருக்கும் பொருத்தி, பள்ளியின் தொடக்கத்தை அதன் அருகில் கொண்டுபோய் வைத்துவிடுவது நடக்கிறது. எந்த நாள் மூத்ததோ அதுவே மலரில் நிற்கிறது. ஏன் என்பதும் புரிகிறது. 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற பட்டியலில் விழும் பள்ளிக்கு, வயது ஒரு கவசம். நூறாண்டுப் பள்ளியை மூடப் பேசுவது எவருக்கும் கடினம். ஆனால் கவசமாகப் பயன்படும் ஆண்டு, சான்றாகப் பயன்படாது.

இரண்டாவது, நேர்க்கோடு. அத்தாப்புக் கொட்டகை, பலகைக் கட்டடம், கல் கட்டடம், மாடிக் கட்டடம் என்று மலர் ஏறிக்கொண்டே போகும். இடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்து குடும்பங்கள் பட்டணம் போனதும், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் வேலிக்குள் ஒதுக்கப்பட்டதும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் சாதி பார்த்த காலத்தில் வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த ஒற்றை வரியும் கிடைப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிய குறை. பள்ளி வரலாற்றில் பிள்ளைகள் இல்லை. இருப்பவர்கள் யு.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஏழு ஏ எடுத்தவர்கள் மட்டும். அந்தத் தேர்வே 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. மலர்களின் சாதனைப் பக்கம் மட்டும் அதே அளவுகோலில் நிற்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை, பால்வாளி தூக்கப் போன பையன், இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்போடு படிப்பை விட்டவர்கள் எவரும் அதில் இல்லை. தோட்டப்பள்ளிகளைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த தி. மாரிமுத்து, அவை தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே மறுபடி உருவாக்கின என்று வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மலர்களை மட்டும் படிப்பவருக்கு அப்படி ஒரு வாதம் உண்டு என்பதே தெரியவராது.

இந்த இடத்தில்தான் கதைகளுக்குத் தனி மதிப்பு வருகிறது. பள்ளியைப் பற்றிப் பிள்ளைகளே இயற்றிய ஒரே வரலாறு அவை. கழிப்பறையின் கடைசி அறையில் இருப்பவள், வாழைத்தோப்பில் குடியிருக்கும் மலாய்ப் பெண்பேய் பொந்தியானா, மூடிய கிணறு, திடலோரத்து மரத்தில் இறங்கும் முனி, நள்ளிரவில் திடலில் கேட்கும் பூட்ஸ் சத்தம். குளுவாங் என்றில்லை, நாட்டின் பழைய பள்ளிகள் எங்கும் இவை உலவுகின்றன. பேய் நிற்கும் இடங்களைக் கவனித்தால் அங்கே ஒரு வரைபடம் கிடைக்கும். கட்டடத்திலிருந்து தள்ளிப் போட்ட கழிப்பறை, வேலியில்லாத கிணறு, எலியைத் தேடி நாகம் வரும் செம்பனை ஓரம் எல்லாம் பிள்ளை தனியாகப் போகக் கூடாத இடங்கள். மலரில் வராத பழைய வளாகம் கதையில் அப்படியே நிற்கிறது.

முனி கதைக்கு இன்னொரு ஆழமும் உண்டு. மரத்தை வெட்டப் போனவனுக்குக் கை விழுந்தது, புல்டோசர் நின்றுபோனது என்ற வகைக் கதைகளில் தோற்பது எப்போதும் நிர்வாகம். கோயிலும் பள்ளியும் லயமும் நின்ற நிலம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. கம்பெனி விற்றால் மூன்றும் இடம்பெயர வேண்டும். நடப்பில் வெல்ல முடியாத வழக்கைக் கதையில் வென்றிருக்கிறார்கள். தோட்ட வாழ்க்கையின் அதிகார உறவை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பத்தி எந்த மலரிலும் அச்சேறாது; விளம்பரம் கொடுத்தவர் வருத்தப்படுவார்.

அதற்காகக் கதையை வரலாறாக்கிவிட முடியாது. கதை ஊர்விட்டு ஊர் போகும். போன இடத்தில் வேர் விட்டு உள்ளூர்க்காரன் ஆகிவிடும். ‘எங்கள் பள்ளியில்தான் ஜப்பான்காரன் தலை வெட்டினான்’ என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எண்ணற்ற பள்ளிகள் சொல்லிக்கொள்கின்றன. அத்தனையும் உண்மையாக இருக்க வழியில்லை. குளுவாங்கில் மட்டும் சிக்கல் கூடுகிறது; இங்கே ஜப்பானியப் படை நிஜமாகவே மையம் கொண்டிருந்தது. 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியத் தளபதி யாமாஷிதா தன் படைத் தலைமையகத்தைக் குளுவாங்கில் வைத்தார். பிப்ரவரி 14-ஆம் தேதி சுமத்திராவின் பாலெம்பாங்கில் குதித்த வான்குடைப் படையினர், குளுவாங், காஹாங் விமானத் திடல்களிலிருந்து கிளம்பியவர்கள். இத்தனை உண்மை அருகில் இருப்பதால் பூட்ஸ் சத்தமும் உண்மைபோல ஒலிக்கிறது. ஊரின் வரலாறு ஒரு பள்ளியின் திடலுக்குச் சான்றாகாது.

அதைவிட முக்கியமானது, கதை எதை மறந்தது என்பது. தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை ஜப்பான்காரன் காலத்தின் பெருந்துயரம் சயாம் மரண ரயில். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அவர்களுடைய பேய் எந்தப் பள்ளித் திடலிலும் நடப்பதில்லை. செத்தது தொலைதூரத்துக் காட்டில். உடல் வரவில்லை, கருமாதி நடந்ததா என்பதும் நிச்சயமில்லை. பேய் வர ஓர் இடம் வேண்டும். ஆகவே பிள்ளைகள் பேசும் ஆவி, கொல்லப்பட்ட தாத்தாவுடையது அல்ல, படைவீரனுடையது. மலரைத் திறந்தால் அங்கேயும் ‘ஜப்பானியர் ஆட்சியில் பள்ளி மூடப்பட்டது’ என்ற வகை வரிதான். மலர் விட்டதைக் கதை நிரப்பும் என்று நம்பியவர்களுக்கு இது எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்தே மௌனம் காக்கும் இடமும் உண்டு. அந்த மௌனத்தை உடைக்கக்கூடியது மூன்றாவது ஒரு பொருள்: மாணவர் சேர்க்கைப் பதிவேடு. போருக்குப் பின் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தையின் இடத்தில் யார் கையெழுத்திட்டார்கள் என்று பார்த்தாலே ஒரு தோட்டத்தின் இழப்பு தெரியவரும்.

பிள்ளைகளைக் கொண்டே உள்ளூர் வரலாறு தொகுத்த நாடு உண்டு. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதை, வைத்தியம், இடப்பெயர், பஞ்ச கால நினைவு ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் எழுதினார்கள். பல பக்கங்களில் சொன்னவரின் பெயரும் ஊரும் வயதும் உண்டு. இன்று அது தேசியச் செல்வம். அதிலும் குறை இருக்கிறது. எதைக் கேட்பது என்பதைக் கையேடு சொன்னது. எதைப் பெரிய ஏட்டில் ஏற்றுவது என்பதை ஆசிரியர் முடிவு செய்தார். இருந்தும் ‘யார் சொன்னது’ என்ற ஒரே பழக்கத்தால் அந்தக் குறைகளையும் இன்று எடைபோட முடிகிறது. நம் மலர்களில் இல்லாதது அந்தப் பழக்கம்தான்.

மலர் வேண்டாம் என்பதல்ல என் முடிவு. வாழ்த்துரைகளும் இருந்துவிட்டுப் போகட்டும், கட்டடம் அவற்றால் எழுகிறது. ஆனால் அடுத்த மலரில் வாழ்த்துப் பக்கங்கள் இரண்டைக் குறைத்தால் நான்கு காரியங்களுக்கு இடம் கிடைக்கும். தொடக்க ஆண்டு என்றால் எதன் தொடக்கம், எந்தக் காகிதத்தின்படி என்று ஒரு வரி. இடையில் நின்றவர்களின் எண்ணிக்கை, பதிவேட்டிலிருந்து. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதிய பக்கங்கள், சொன்னவர் பிறந்த தோட்டத்தின் பெயருடன். பிள்ளைகளுக்குள் உலவும் கதைகள், எந்த ஆண்டு யாரிடையே கேட்டது என்ற குறிப்புடன். உண்மையென்று சான்றளிக்காமல், பொய்யென்று துரத்தாமல்.

அழிந்துபோன முந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இவற்றில் எதையும் இனிச் செய்ய முடியாது. குளுவாங்கில் இன்னும் மணியடிக்கும் பள்ளிகளுக்குச் செய்யலாம். பதிவேடுகள் அலமாரியில் இருக்கும்வரை, அவற்றில் பெயருள்ளவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை.