மிதக்கும் எண்ணெய்க்கு மட்டும் பயிற்சி

2025 அக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் கடலோரக் காவல்படை சென்னையில் நடத்திய 'நாட்போல்ரெக்ஸ்' எண்ணெய்க் கசிவு ஒத்திகைக்கு நல்ல பெயர் கிடைத்தது. இது பத்தாவது முறை. மாசு அகற்றும் கப்பல்கள் அணிவகுத்தன, வெளிநாட்டு விருந்தினர்கள் பார்த்தார்கள், மெரினா மணலில் கரையைத் துப்புரவு செய்யும் ஒத்திகையும் முதன்முறையாக நடந்தது. 2017இல் பிளாஸ்டிக் பக்கெட்டால் எண்ணெய் அள்ளி உலகமே பார்க்கும்படி நின்ற ஊர் இன்று எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று மெச்சிக்கொள்கிறோம். அந்தப் பக்கெட்டை மறக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பாராட்டில் என்னால் சேர முடியவில்லை.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். பூம் என்கிற மிதவைத் தடுப்பை அலையில் இழுத்துக் கட்டுவது எளிய வேலை அல்ல. ஸ்கிம்மரை இறக்கி எண்ணெயை நீரிலிருந்து பிரித்தெடுக்கக் கைப்பழக்கம் வேண்டும். துறைமுகம், எண்ணெய் நிறுவனம், மாநில அரசு, காவல்படை எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து யார் எதற்குப் பொறுப்பு என்று பேசிக்கொள்வதும் பெரிய விஷயம்தான். 2017இல் அது நடந்திருந்தால் முதல் இரண்டு நாள் வீணாகியிருக்காது. கடலில், கப்பலிலிருந்து, மிதக்கும் எண்ணெய் கசிந்தால் இந்தியா முன்னைவிடத் தயாராக இருக்கிறது. இதை மறுப்பவன் அல்ல நான்.

என் குறை, அந்த வாக்கியத்திலுள்ள 'மிதக்கும்' என்ற ஒரு நிபந்தனையில் இருக்கிறது.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பல். மற்றது எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'டான் காஞ்சிபுரம்'. பட்டுக்கும் கோயிலுக்கும் செய்தியில் வரும் பெயர் சில வாரங்களுக்குக் கரிய எண்ணெய்ச் சேற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கசிவே இல்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு 20 டன் என்றார்கள். கடைசியில் கணக்கு 250 டன்னை ஒட்டி வந்து நின்றது. கசிந்தது கனமான ஃபர்னஸ் ஆயில். மணலும் குப்பையும் சேர்ந்து அது தாராக இறுகியபோது, சாக்கடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வண்டிகள் திணறின. எர்ணாவூர்க் கரையில் தன்னார்வலர்களும் மாணவர்களும் மீனவர்களும் பக்கெட்டோடு இறங்கியது அதற்குப் பிறகுதான். நாம் அதிலிருந்து கற்ற பாடம் 'பக்கெட் அவமானம், கருவி வாங்க வேண்டும்' என்பது. எண்ணெய் ஏன் கருவிக்கு அடங்கவில்லை என்று கேட்டிருந்தால் வேறு பாடம் கிடைத்திருக்கும்.

கடல்நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,025 கிராம் எடை. நன்னீர் 1,000 கிராம். கனரக எரியெண்ணெய்களின் எடை 950 கிராமில் தொடங்கி 1,010 கிராம் வரை போகும். கடலில் மிதக்கிற அதே எண்ணெய் ஆற்றிலோ ஏரியிலோ விழுந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். எடை குறைந்த எண்ணெய்க்கும் வேறொரு வழி இருக்கிறது: வெயிலில் அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் வண்டலைப் பிடித்துக்கொண்டு கனத்து இறங்கும். வெள்ளக் காலத்தில் ஆற்று நீர் முழுக்க வண்டல்தான். கழிமுகத்திலோ இன்னும் சிக்கல். மேலே வெள்ளத்தின் நன்னீர், கீழே கடலின் உப்புநீர் என்று இரண்டு அடுக்கு நிற்கும்போது, எண்ணெய் மேலடுக்கில் முழுகி, கீழடுக்கின் மேல் நின்று, கண்ணில் படாமல் நடுநீரில் நகரும். பூமின் பாவாடை அவ்வளவு ஆழம் இறங்காது. ஸ்கிம்மர் மேற்பரப்பை மட்டுமே அறியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்குள் இறங்கியது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கைகாட்டியது மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையை. தென் மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. ஒன்பதாவது நாட்போல்ரெக்ஸ் குஜராத்தின் வாடினாரில் நவம்பர் 25 அன்று முடிந்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்க் கசிவு ஒத்திகை அது. ஆனால் அந்தப் பயிற்சிக்கு எண்ணூரில் வந்த எண்ணெயோடு உறவே இல்லை. கப்பல் இல்லை, ஆழ்கடல் இல்லை, அலை இல்லை. சேறும், சாம்பலும், அலையாத்தி வேரும், வடிகின்ற வெள்ளமும்தான். அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடக்கும் ஆற்றுப்படுகை அது. நுண்துகளோடு எண்ணெய் எவ்வளவு விரும்பி ஒட்டும் என்பதை அறிந்தவர்களுக்கு, அங்கே மேலே தெரிந்த படலம் முழுக்கதை அல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த டிசம்பர் முழுக்க நடந்த பேச்சு படலம் எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை பூம், எத்தனை பீப்பாய் என்பதாகவே இருந்தது. அடியை அளக்கும் வேலை மீட்பின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டியது. இங்கே அது எப்போதும் பின்னால் வரும் நிபுணர் குழுவுக்கென்று ஒதுக்கப்படுகிறது.

இதை இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமென்று இல்லை. விலை கொடுத்துக் கற்ற ஊர் ஒன்று இருக்கிறது. 2010 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிற்றூருக்கு அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. எச்சரிக்கை மணி அடித்தும் பதினேழு மணி நேரம் குழாயை முழுதாக மூடவில்லை. சுமார் 32 லட்சம் லிட்டர் எண்ணெய் ஓடை வழியே கலமசூ ஆற்றில் கலந்தது. அப்போது அந்த ஆற்றிலும் வெள்ளம். மீட்புக் குழுக்கள் பூமும் ஸ்கிம்மரும் கொண்டுவந்தன. பயிற்சி அதற்குத்தான் இருந்தது. கசிந்தது நீர்க்கச் செய்த பிட்டுமன் என்பது உடனே தெரியவில்லை. கரைப்பான் ஆவியானதும் கனத்த பகுதி வண்டலோடு ஆற்றடிக்குப் போயிற்று. ஆற்றின் பெரும்பகுதி 2012 ஜூன் வரை மக்களுக்கு மூடிக் கிடந்தது. போதாதென்று 2013இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மறுபடியும் தூர்வார உத்தரவிட்டது. செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

அந்த ஆற்றில் பிறந்த முறைகளைப் பாருங்கள். நீண்ட கழியின் நுனியில் ஒரு தட்டைப் பொருத்தி, படகிலிருந்து அடிச்சேற்றைக் கிளறினார்கள். மேலே எழும் பளபளப்பையும் உருண்டைகளையும் பார்த்து, இங்கே அதிகம், இங்கே நடுத்தரம், இங்கே கொஞ்சம், இங்கே இல்லை என்று ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் குறித்தார்கள். நீர் குளிர்ந்துவிட்டால் எண்ணெய் எழாது என்பதால் எந்தப் பருவத்தில் கிளறுவது என்பதும் அனுபவத்தில் வந்தது. பிறகுதான் நீரைப் பீய்ச்சுவது, வாருகோலால் கிளறுவது, காற்றைச் செலுத்துவது, தூர்வாருவது. கிளறினால் எண்ணெய் இன்னும் ஆழமாகச் சேற்றுக்குள் புதையும், நீரோட்டத்தில் கீழே போய்ச் சேரும் என்ற எதிர்ப்பும் அங்கேயே எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. அதற்கும் முன்னால், 2005இல் கனடாவின் வாபமன் ஏரியில் சரக்கு ரயில் கவிழ்ந்து கனரக எண்ணெய் ஏரியடியில் தார் உருண்டைகளாகக் கிடந்தது. அது நன்னீர் ஏரி. உலகத்துக்கு இது தெரியாத சங்கதி இல்லை. மூழ்கிய எண்ணெயைக் கண்டறிந்து அகற்றுவதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பே தனி வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது.

பிறகு ஏன் நம் பயிற்சியில் எண்ணெய் எப்போதும் மிதக்கிறது? ஏனென்றால் மிதந்தால்தான் பார்க்க முடியும். ஒத்திகையில் நிஜ எண்ணெயைக் கொட்ட முடியாது. உலகின் பல நாடுகளிலும் அதற்குப் பதிலாக ஆரஞ்சுப் பழத்தையோ உமியையோ சோளப்பொரியையோ தூவுவார்கள். அதில் எதுவும் மூழ்காது. கப்பல் தளத்தில் நிற்கும் விருந்தினருக்குச் சேற்றுக்கடியில் நடப்பது தெரியாது. கழியை ஊன்றி, எடுத்து, குறித்து, மறுபடி ஊன்றும் வேலையில் புகைப்படம் எடுக்க எதுவுமில்லை. பயிற்சி என்ற பெயரில் நாம் பெரும்பாலும் நடத்துவது அணிவகுப்பு என்று எழுதினால் கோபம் வரும், வரட்டும். பார்வையாளர் மேடை இல்லாத இடத்தில் ஒரு தேசிய ஒத்திகை நடந்த அன்று இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அத்திவரதரை நாற்பது ஆண்டு அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் வைத்துவிட்டு, 2019 தரிசனத்துக்கு அடுத்தது எந்த ஆண்டு என்று கணக்குத் தவறாமல் வைத்திருக்கும் ஊர் காஞ்சிபுரம். கண்ணில் படவில்லை, ஆகவே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது.

காஞ்சிபுரத்துக்காரனுக்குக் கடல் எண்ணெயோடு என்ன வேலை என்று கேட்கலாம். கொசஸ்தலையாறு எங்கள் பக்கத்து நீர்தான். காவேரிப்பாக்கத்து உபரியும் எங்கள் வடக்கெல்லை ஏரிகளின் மிச்சமும்தான் கீழே போய் எண்ணூரில் சேர்கிறது. அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது பயம். இது ஏரி மாவட்டம். பெங்களூர் நெடுஞ்சாலையும் அதிலிருந்து பிரியும் சாலைகளும் ஏரிக்கரைகளையும் மதகுகளையும் தொட்டுக்கொண்டு போகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் கொதிகலன்களுக்கு எரியெண்ணெய் டேங்கர் லாரியில்தான் போக வேண்டும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர். அதன் வரத்துக்கால் ஒன்றில் ஒரு ஃபர்னஸ் ஆயில் லாரி கவிழ்ந்தால் யார் வருவார்கள்? தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டம் கடலுக்கானது. தீயணைப்பு வீரர்கள் நுரையும் மணலும் கொண்டுவருவார்கள், அது தீக்கு. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருக்கிறது. வெள்ளத்தில் ஆளைக் காப்பாற்ற அவர்களைப் போல் யாருமில்லை. ஆனால் ஏரியடியில் கிடக்கும் எண்ணெயை எப்படித் தேடுவது என்பது அவர்கள் பாடத்தில் முதன்மையான இடத்தில் இருக்க வேண்டிய ஒன்று. குடிநீர் எடுக்கும் குழாயை எப்போது மூடுவது என்ற முடிவும் அந்தத் தேடலில்தான் தொடங்கும். நன்னீரின் பிரச்சினை பறவையும் மீனும் மட்டுமில்லை. மறுநாள் காலைக் குழாயில் வரும் தண்ணீர்.

கடலோரத்துக்குத் திரும்புவோம். எண்ணூர், பழவேற்காட்டுச் சேற்றைக் கையாலும் காலாலும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள். கழி ஊன்றிப் படகு விடும், பாடு முறையில் எந்தத் துறையில் எப்போது வலை என்று பரம்பரையாகக் கணக்கு வைத்திருக்கும் மீனவர்கள். சேறு எங்கே மென்மை, எங்கே குழி, ஓட்டம் எங்கே தேங்கும் என்று சோனார் காட்டுவதற்கு முன்பே அவர்களால் சொல்ல முடியும். மிச்சிகனில் பயிற்றுவித்து உருவாக்கிய கழி ஊன்றும் திறமையில் பாதி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. 2023இல் நாம் அவர்களை என்ன செய்தோம்? எண்ணெய் அள்ள விட்டோம். முதல் சில நாள் பலருக்குக் கையுறைகூட இல்லை. குவளையாலும் பக்கெட்டாலும் அள்ளினார்கள், தலைவலியும் கண்ணெரிச்சலும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் அவர்களுக்கு இடம் இருந்தது. மீட்போர் பட்டியலில் இல்லை. எண்ணெய்க் கசிவு மீட்புக்கான சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பாடத்திட்டத்தில் முதல் நிலையே களப்பணியாளருக்கானது. அந்த நிலையில் உட்கார வேண்டியவர்கள் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் இருக்கிறார்கள். சீருடை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்களைக் கூலியாளாகவே வைத்திருப்பது, எனக்குத் தெரிந்தவரை, திமிர்.

மூழ்கிய எண்ணெயை எடுக்க முயல்வதைவிட விட்டுவிடுவதே பல நேரம் நல்லது என்று அறிந்தவர்கள் வாதிடுவார்கள். அலையாத்திக் காட்டின் அடியில் தூர்வாரினால் எண்ணெய் செய்ததைவிடப் பெரிய கேட்டை இயந்திரம் செய்யும் என்பது உண்மை. ஆனால் விட்டுவிடுவது ஒரு முடிவு. எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. தெரியாமலே விட்டுவிட்டு, பின்னால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது அந்த முடிவு அல்ல.

பதினொன்றாவது ஒத்திகை எங்கே நடக்கும் என்று தெரியவில்லை. கடலில் நடந்துவிட்டுப் போகட்டும். அதற்கு முன்னால் ஒரு வடகிழக்குப் பருவமழை வரும். அதற்குள் கழிமுகக் குப்பங்களில் ஐம்பது பேருக்காவது கழி, தட்டு, முகமூடி, கையுறை, பதிவேடு கொடுத்து, கசிவு வந்தால் இன்ன நாள்கூலி என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஆலைகளின் செலவில் வெள்ளமில்லாத ஒரு நாளில் ஆற்றடியை ஒருமுறை அளந்து வைக்கச் செய்யலாம். அந்த முதல் வரைபடம் இல்லாவிட்டால், அடுத்த கசிவில் அடியில் எது புதியது எது பழையது என்று யாராலும் சொல்ல முடியாது. இழப்பீட்டு வழக்கில் ஆலையின் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் அதுவே.