காட்டின் விலையும் முதலீட்டாளரின் கணக்கும்

காட்டு நிலத்தில் சுரங்கமோ ஆலையோ அமைக்க வரும் நிறுவனம், மரத்தின் விலையையும் மாற்று மரம் நடும் செலவையும் கட்டினால் போதும் என்பதே இந்தியாவில் நெடுங்கால நடைமுறையாக இருந்தது. நீரைப் பிடித்து வைப்பது, மண்ணைக் காப்பது என்று காடு செய்யும் வேலைகளுக்குத் திட்டச் செலவில் இடமே இருக்கவில்லை. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு இதை மாற்றியது. அதன் தொடர்ச்சியாக, காட்டு நிலத்தை எடுப்பவர் அதன் நிகர நிகழ்கால மதிப்பையும் (காடு வருங்காலத்தில் தரக்கூடிய பயன்களின் இன்றைய பணமதிப்பு) கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2008இல் ஹெக்டேருக்கு 4.38 முதல் 10.43 லட்சம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட அத்தொகை, 2022இல் 9.57 முதல் 15.95 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, காடு இலவசம் என்ற எண்ணத்தை உடைத்தது. சரணாலயமானால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவானால் பத்து மடங்கு என்ற விதி, வேறு இடம் தேடும் எண்ணத்தை நிறுவனத்துக்குத் தருகிறது. இயற்கையும் ஒரு சொத்து, அதன் தேய்மானமும் நட்டம்தான் என்று பிரிட்டன் அரசுக்காகப் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா 2021இல் அளித்த அறிக்கை வாதிட்டது. அந்த எண்ணத்தின் ஒரு கூறு இந்தியச் சட்ட நடைமுறையில் முன்பே வந்துவிட்டது நாம் பெருமைப்படத்தக்கது.

ஆனால் இந்த விலை எதை அளக்கத் தவறுகிறது என்பதை ஒடிசாவின் நியம்கிரி மலை காட்டுகிறது. அங்கே பாக்சைட் எடுக்க வேதாந்தா குழுமம் கேட்ட காட்டு நிலம் சுமார் 660 ஹெக்டேர். அதற்கு 55 கோடி ரூபாய் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். மரங்களின் அடர்த்தியையும் காட்டின் வகையையும் வைத்துப் போடப்படும் கணக்கு அது. அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பியிருக்கும் ஊர்களும், மலையை நியம் ராஜா என்னும் தெய்வத்தின் இருப்பிடமாக வழிபடும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களும் அதில் வரவில்லை. கட்டும் பணமும் அவர்கள் கைக்குப் போகாது. அரசின் நிதிக்குத்தான் போகும்.

விலை குறிக்கப்பட்டதோடு விவகாரம் முடியவில்லை. 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. இந்த மலையை நம்பி அதன் அடிவாரத்தில் உள்ள லாஞ்சிகரில் வேதாந்தா முன்கூட்டியே கட்டிய அலுமினா ஆலை, பாக்சைட் கிடைக்காமல் 2012 டிசம்பரில் மூடப்பட்டுப் பல மாதங்கள் கழித்தே திறந்தது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் 2007லேயே வேதாந்தா பங்குகளை விற்று விலகியிருந்தது; இங்கிலாந்துத் திருச்சபை 2010இல் விலகியது.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது இதைத்தான். 55 கோடி என்பது திட்டச் செலவில் ஒரு சிறு வரி. உண்மையான ஆபத்து அந்த வரிக்கு வெளியே இருந்தது. அரசு நிர்ணயித்த தொகையையே இயற்கையின் முழு விலை என்று எடுத்துக்கொண்டவர், ஆலையின் மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்ற அடிப்படைக் கேள்வியையே தவறவிட்டார்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, சந்தையில் பட்டியலிடப்பட்ட முன்னணி 1,000 நிறுவனங்கள் இன்று பொறுப்புடைமை, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். இயற்கைசார் நிதி ஆபத்துகளை வெளிப்படுத்தும் சர்வதேசப் பரிந்துரைகளும் 2023இல் வந்துவிட்டன. இவற்றைப் படிப்பவர் மொத்தத் தொகைகளோடு நின்றுவிடக் கூடாது. தண்ணீர் எந்த ஆற்றுடையது, நிலத்தில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் சம்மதித்தார்களா, மாற்று நடவு எங்கே நடக்கிறது என்று கேட்க வேண்டும். பெரிய நிகோபார் தீவின் மழைக்காட்டை வெட்டுவதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடத் திட்டமிடும் கணக்கை எந்த முதலீட்டாளரும் ஈடாக ஏற்கக் கூடாது.

இயற்கைக்கு விலை குறிப்பதைக் கைவிட வேண்டியதில்லை. கைவிட்டால் காடு மறுபடி இலவசமாகிவிடும். ஆனால் அந்த விலை, இழப்பின் குறைந்தபட்ச அளவு மட்டுமே. அழிப்பதற்கான உரிமைச்சீட்டு ஆகாது. விற்கக் கூடாத இடங்களும் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளும் முதலீடே நிலைக்கும்.