பிரயோக மொழியியலும் மூதூர் வழக்கும்

பிரயோக மொழியியல் என்னும் தொடரில் முதற்சொல்லே அத்துறையின் பொருளை மறைத்து நிற்கின்றது. தூய கணிதம், பிரயோக கணிதம் என்னும் பாகுபாட்டிற் பழகிய மாணவன், மொழியியலார் கண்ட விதிகளைப் பிறிதோரிடத்திற் கொண்டுபோய்ப் பொருத்துவதே பிரயோக மொழியியல் என்று எளிதில் முடிவுசெய்து விடுகின்றான். ஆசிரியருள்ளும் இக்கருத்தினர் பலர். வேறு சிலரோ, ஆங்கிலங் கற்பிக்கும் முறைக்கு இடப்பட்ட புதுப்பெயரே அஃது என்பர். இவ்விரு கொள்கைகளும் ஆராயற்பாலன.

இரண்டாவது கொள்கைக்கு வரலாற்றிற் காரணம் உண்டு. 1941 இல் அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்திற் சாள்ஸ் பிறீஸ் தலைமையில் அமைந்த ஆங்கிலமொழி நிலையமே இத்துறையின் நாற்றுமேடை. 1948 இல் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிய காலாண்டிதழ் தன்னைப் பிரயோக மொழியியலுக்குரிய இதழென்றே அறிமுகஞ் செய்துகொண்டது. பிரித்தானியாவில் எடின்பரோப் பல்கலைக்கழகமும் 1950களில் இதற்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கிற்று. 1964 இல் அனைத்துலகச் சங்கமும் தோன்றியது. ஆங்கிலத்தைப் பிறநாட்டார்க்குப் புகட்டும் தேவையே தொடக்கத்தில் இம்முயற்சிகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஊட்டமளித்தது. பிறப்பிடத்தைக் கொண்டு பெயரிடுவது எளிது. ஆயின் வளர்ந்த பிள்ளையை அதனால் அளக்கலாகாது. அகராதி ஆக்கம், மொழிபெயர்ப்பு, கலைச்சொல்லாக்கம், அரசின் மொழிக்கொள்கை, பேச்சுக் குறைபாட்டு மருத்துவம், நீதிமன்றத்தில் வழங்கும் சொல்லின் பொருள் என்றின்னோரன்ன பலவும் இன்று அதன் எல்லைக்குள் அடங்குவன. மொழியின் பொருட்டு மக்கள் எங்கு இடர்ப்படுகின்றனரோ அங்கெல்லாம் அதற்குப் பணியுண்டு.

இனி முதலாவது கொள்கை. விடோசன் என்னும் ஆங்கில அறிஞர் இதனை மறுத்தவருள் முதன்மையானவர். மொழியியலை எடுத்துப் பொருத்துவது வேறு, பிரயோக மொழியியல் வேறு என்பது அவர் கோட்பாடு. முன்னது விதியிலிருந்து புறப்படும்; பின்னது இடர்ப்பாட்டிலிருந்து புறப்படும். இவ்வேறுபாட்டை ஏட்டளவில் விளக்குதலினும் ஓர் ஊரை முன்வைத்து விளக்குதல் நன்று. திருகோணமலைத் துறைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூர் இதற்கு மிகவும் ஏற்றது.

இக்குடாவிலேதான் 1660 இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டான். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து மீண்டவன், 1681 இல் வெளியிட்ட நூலிற் சிங்கள மக்களின் மொழியைப் பற்றியும் எழுதினான். பாடநூலின்றி வாழ்க்கைத் தேவையால் மட்டும் கற்ற மொழி அது. அந்நியமொழி கற்றலைப் பற்றி ஆராய்வோர் இத்தகையோரையும் நினைத்தல் தகும். ஆயினும் மூதூர் எழுப்பும் பெரிய வினா பிறமொழியைப் பற்றியதன்று; தாய்மொழியைப் பற்றியது.

தமிழரும் முஸ்லிம்களும் கரையோர வேடரும் அங்கு வாழ்கின்றனர். மூவர்க்கும் தாய்மொழி தமிழே. மூவர் வீட்டிலும் ஒரே தமிழ் வழங்குவதில்லை. கீழைக் கரையின் வேடர் தமிழ் பேசுவதை 1911 இல் வெளிவந்த செலிக்மன் இணையரின் நூலும் குறித்துள்ளது. முஸ்லிம் பிள்ளைக்குத் தந்தை வாப்பா, தாய் உம்மா. இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றழைப்பர்; அவ்வீட்டுப் பிள்ளை ‘தாத்தா’ என்னும் சொல்லின்மேல் நரைத்த கிழவரின் படத்தைக் காணின் திகைப்பது இயல்பே. இறப்பு அவர்தம் பேச்சில் மௌத்து எனும் அறபுச் சொல்லாயிற்று. தொழுகையும் நோன்புமோ தமிழாகவே நின்றன. கலப்பு என்னும் ஒரே சொல்லால் இதனை ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாகாது. பேராசிரியர் எம். ஏ. நுஃமான் போன்றோர் முஸ்லிம் பேச்சுவழக்கை அதன் அமைப்பு நோக்கி ஆராய்ந்தமை இவ்வகையிற் போற்றற்குரியது.

வகுப்பறையில் எழுத்துப் பிழையைத் திருத்தும் முறையை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ஈழத்துப் பேச்சிற் பெரும்பாலும் ழகரமும் ளகரமும் ஒரே ஒலியாய் ஒன்றிவிட்டன. கடற்கரைப் பிள்ளை வலையில் வரும் வாளையை அறியும். வேலியோரத்து வாழையையும் அறியும். இரண்டும் அதன் செவிக்கு ஒன்றே. எழுதும்போது அது ‘வாளைப்பழம்’ என்று எழுதினால் ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு என்பார். அதே பிள்ளை ‘நான்’ என்பதை ‘னான்’ என்று எழுதினாலும் அதே சிவப்புக் கோடுதான். ஆனால் இவை இருவேறு நோய்கள். நகர னகர வேறுபாட்டுக்கு விதியுண்டு: சொன்முதலில் நகரம், தகரத்துக்கு முன் நகர ஒற்று, மற்றையிடங்களிற் பெரும்பாலும் னகரம். செந்நெல் போன்ற தொகைகள் சிலவே விலக்கு. ஒரு பாடவேளையில் இதனைப் புரியவைத்துவிடலாம். ழகர ளகர வேறுபாட்டுக்கோ அத்தகைய விதியில்லை. கண்ணாற் பலகாற் கண்டு, சொற்சொல்லாக நினைவிற் கொள்ளுதலே வழி. அதற்கு வாசிப்பு வேண்டும், தண்டனை பயன்படாது. ‘பழம்’ என்பதை நூறுமுறை எழுதச் செய்த பிள்ளை மறுநாள் ‘கிழமை’யைப் பிழையாக எழுதும்.

எடின்பரோவைச் சேர்ந்த பிற் கோடர் 1967 இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே. கைதவறி நேர்வது ஒன்று. கற்போன் தன்னுள் அமைத்துக்கொண்ட ஒழுங்கினின்று பிறப்பது மற்றொன்று. பின்னதைக் கண்டறிபவனே கற்பிக்க வல்லவன். தமிழ் இலக்கணத்தார் கூறும் வழுவமைதியை இதனோடு ஒப்பிடுவாரும் உளர். அது பொருந்தாது. வழுவமைதி, சான்றோர் வழக்கில் நேர்ந்த பிறழ்ச்சிக்கு அளித்த இசைவு. குழந்தையின் பிழைக்கு இலக்கண நூல் எதிலும் இடமளிக்கப்படவில்லை.

பேச்சுவழக்கைக் கொச்சை என்று தள்ளும் மனப்பாங்கு வகுப்பறையோடு நிற்பதுமன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்துப் பண்டிதருட் சிலர், புனைகதையிற் பேச்சுமொழி புகுதலை ‘இழிசனர் வழக்கு’ எனக் கண்டித்தனர். முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து வாதிட்டனர். மூதூர் ஈன்ற வ. அ. இராசரத்தினம் கடற்கரை மாந்தர் வாழ்வைக் கதையாக்கிய ‘தோணி’ தொகுதி 1962 இல் வெளிவந்ததும் அக்காலச் சூழலிலேயே. அன்று நிகழ்ந்தது இலக்கியப் பூசல் என்றே எழுதப்பட்டு வருகின்றது. எவர் தமிழ் எழுத்தேறத் தக்கது என்பதே அதன் உட்பொருள். ஆகவே அது பிரயோக மொழியியலுக்கும் உரிய பொருள். எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் இடைப்பட்ட பிளவை இரட்டை வழக்கு என்னும் கருத்தால் சாள்ஸ் பேர்குசன் விளக்கியது 1959 இல். அறபு, கிரேக்கம், சுவிசர்லாந்து ஜெர்மன், ஹெயிற்றி மொழி ஆகிய நான்கே அவர் எடுத்த முதன்மைச் சான்றுகள். தமிழும் அவ்வரிசையில் நிற்கத் தக்கதே.

கலைச்சொல்லிலும் இடருண்டு. ஈழத்து மாணவனுக்கு அமுக்கம் ஒன்று, அழுத்தம் வேறொன்று. மின்னியலில் அழுத்த வித்தியாசம் என்றே அவன் படிக்கின்றான். தமிழக நூலிலோ அமுக்கமே அழுத்தம். கடல் கடந்து வந்த நூலைக் கையிலெடுப்பவன் தமிழறிந்தும் தடுமாறுகின்றான்.

யாழ்ப்பாணத்துச் சுரேஷ் கனகராஜா 1999 இல் வெளியிட்ட நூல், ஈழத்துத் தமிழர் இத்துறைக்கு அளித்த கொடைகளுட் சிறந்தது. அமெரிக்கப் பாடநூலொன்றின் ஓரங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் எழுதிவைத்த குறிப்புகளையும் வரைந்த படங்களையும் சான்றாகக் கொண்டு, கற்போர் தமக்குள்ளே நிகழ்த்தும் எதிர்ப்பை அவர் வெளிக்கொணர்ந்தார். பிறர் கிறுக்கலென்று புறக்கணித்ததைப் படித்தமையே அவர் பெருமை. ஆயினும் அந்நூல் நோக்கியது ஆங்கில வகுப்பையே. தமிழ்ப் பாடநூலின் ஓரங்களிலும் பிள்ளைகள் எழுதுகின்றனர். அவற்றை அதே கண்கொண்டு படித்தல் வேண்டும்.

இனி அலுவலகம். 1956 இன் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. சட்டம் திருந்தினும் எழுதுபவரின் கை உடனே திருந்திவிடுவதில்லை. ஒருவர் தமிழிற் சொல்லும் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுமாயின், ‘அடித்தான்’ என்றாரா ‘அடிக்க வந்தான்’ என்றாரா என்பது எழுதுபவரின் மொழியறிவைப் பொறுத்ததாகிவிடுகின்றது. வழக்கு மன்றேறும்போது சான்றாவது அவர் வாய்ச்சொல்லன்று, அவ்வெழுத்தே. தாம் வாசிக்க இயலாத அவ்வெழுத்தின்கீழ் அவர் கையொப்பமும் இருக்கும்.