மலையேறுபவரின் சொல்லுக்கு மதிப்பு எங்கே?

ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் குளவிக்கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதை முதலில் அறிபவர் தோட்ட முகாமையாளரான துரை அல்லர், கொழுந்து பறிக்கும் பெண். மழையில் வழுக்கும் மலைப்பாதையை மிதிப்பவரும் அவரே. ஆனால், அந்த மலையில் இன்று கொழுந்தெடுக்கலாமா என்று தீர்மானிக்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

இதைக் கப்பலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாலுமியும் தோட்டத் தொழிலாளியும் ஒரு விதத்தில் ஒன்று. இருவருமே வேலைத்தலத்திலேயே குடியிருப்பவர்கள். அங்கே கப்டன், இங்கே துரை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம், ஐந்து மாலுமிகள் இருந்தாலே கப்பலில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் அவர்களின் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்கிறது. இலங்கையும் அதை ஏற்றிருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் தோட்டத்திலோ அந்த வேலையையும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தலைவர் முறையைக் குறைத்து மதிப்பிட முடியாது. தலைவர் லயத்து மனிதர். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எழும் முறைப்பாட்டை அன்றைக்கே துரையிடம் கொண்டுபோகக்கூடியவர். அவருக்குப் பின்னால் சங்கம் நிற்பதால் தனியாளுக்கு இல்லாத துணிவும் அவருக்கு உண்டு.

ஆனால் குறைகள் ஆழமானவை. கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். தலைவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சங்கத்தின் பேச்சில் சம்பளம் முன்னே நிற்கிறது. பாதுகாப்பு, யாரையாவது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகே பேசப்படுகிறது. 2021இல் சம்பளம் சம்பளச் சபையின் கைக்குப் போனது. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனதோடு, மற்ற விடயங்களைப் பேச இருந்த மேசையும் போனது.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) ஓடும் இயந்திரத்தைப் பார்க்கிறது, மலைச்சரிவைப் பார்ப்பதில்லை. 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் விபத்துக்குப் பின்னர்தான் வருகிறது.

கப்பலில் போலத் தோட்டத்திலும் பாதுகாப்புக் குழு அமைத்தால் மட்டும் போதுமா என்ற ஐயம் நியாயமானது. குளவிக்கூட்டைக் கண்டு திரும்பியவருக்குக் கிலோ குறைந்து அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும் என்றால், அவர் அடுத்தமுறை கூட்டைக் கண்டும் வாய்திறக்க மாட்டார். "உங்கள் பிரதிநிதிதானே கையெழுத்திட்டார்" என்று பழியைத் தொழிலாளர்மேல் போடவும் குழுவைப் பயன்படுத்தலாம். கேட்கும் உரிமையோடு நிறுத்தும் உரிமையும் சேர்ந்தால்தான் பங்கேற்புக்குப் பொருள் உண்டு. விவசாயத் தொழிலாளர் தம் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தாமே தெரிவுசெய்யவும், உயிராபத்தைக் கண்டால் விலகிக்கொள்ளவும் உரிமை உடையவர்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டுச் சமவாயம் சொல்கிறது.

ஆகவே தலைவர் முறையைக் கைவிட வேண்டாம்; அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் கொழுந்தெடுக்கும் பெண்கள் தங்களுக்குள் ஒருவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யட்டும். அவர் ஆபத்தென்று சொன்ன மலையில் அன்று வேலை நிற்கட்டும். எவருக்கும் பேர் குறையாமல் இருக்கட்டும். சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.