ஆலிவர் பைர்னின் வண்ண யூக்ளிட்: 27-க்கும் 29-க்கும் நடுவில்

யூக்ளிட்டின் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் ஆறு பாகங்களை ஆலிவர் பைர்ன் 1847-ல் லண்டனில் வண்ணப் படங்களோடு வெளியிட்டார். மனுஷன் ஃபாக்லாந்து தீவுகளில் நில அளவையாளர் என்று தலைப்புப் பக்கமே சொல்கிறது. இந்தப் புத்தகத்தில் கோணங்களுக்கு ஏ, பி, சி கிடையாது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, அவ்வளவுதான் பெயர். வாக்கியத்துக்கு நடுவிலேயே குட்டிக் குட்டிக் கோணங்கள் வந்து உட்கார்ந்திருக்கும். அழகு என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள், சரி. கணிதமாக அது தேறுகிறதா என்பதுதான் என் கேள்வி.

15-வது தேற்றத்தில் தேறுகிறது. இரண்டு கோடுகள் வெட்டினால் குத்தெதிர்க் கோணங்கள் சமம். ஏன்? அந்த இரண்டில் எதை எடுத்தாலும், பக்கத்தில் இருக்கும் அதே மூன்றாவது கோணத்தோடு சேர்ந்து 180 பாகை ஆகிறது. பொதுவானதைக் கழித்தால் மிச்சம் சமமாகத்தானே இருக்கணும். இதை எழுத்துகளில் படிக்கும்போது படத்துக்கும் வரிக்கும் கண் அலைந்துகொண்டே இருக்கும். பைர்னில் அந்த அலைச்சல் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்க. இன்றைய வகுப்பறைச் சார்ட்டுகளில் சமமான கோணங்களுக்கு ஒரே நிறம் அடித்துவிடுகிறோம். விடையை முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் என்ன நிரூபணம்? பைர்னிடம் நிறம் வெறும் பெயர். சிவப்பும் மஞ்சளும் சமம் என்று காட்டியாகணும்.

சறுக்குவது இணைகோடுகளில்தான். ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் இணை என்பது 27. கோடுகள் இணையானால் அந்தக் கோணங்கள் சமம் என்பது 29. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்: இரண்டு கோடு, ஒரு குறுக்குவெட்டி. தர்க்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் 28 தேற்றங்களை யூக்ளிட் ஐந்தாம் எடுகோளைத் தொடாமலேயே ஓட்டிவிட்டார். (குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்து 180-க்குக் குறைந்தால் கோடுகள் அந்தப் பக்கம் சந்திக்கும் என்பதே அந்த எடுகோள்.) 29-ல்தான் வேறு வழியில்லாமல் அதை எடுக்கிறார்.

இது பொடி விஷயம் இல்லை. 1829-ல் லோபசெவ்ஸ்கி அந்த எடுகோளை விட்டுவிட்டு ஒரு வடிவியலையே கட்டினார். அங்கே 27 நிற்கும், 29 விழும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 என்கிற 32-ம் கூடவே விழும். கூட்டுத்தொகை 180-க்குக் குறைந்துவிடும். உலக உருண்டையிலோ 27-க்கே இடமில்லை: நிலநடுக்கோடு இரண்டு தீர்க்க ரேகைகளை வெட்டும் இடத்தில் எல்லாக் கோணமும் 90, ஆனாலும் ரேகைகள் துருவத்தில் போய் முட்டிக்கொள்கின்றன.

பைர்னில் அந்த எடுகோள் புத்தகத்தின் தொடக்கப் பகுதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 29-க்கு வரும்போது மற்றச் சான்றுகளைப் போல அதுவும் ஒரு துண்டுக் குறிப்பாகக் கடந்துபோகிறது. நிறத்தால் கோணத்தைக் காட்டலாம், கோட்டைக் காட்டலாம். 'இதை நாம் நம்பி எடுத்துக்கொண்டோம்' என்பதைக் காட்ட அவரிடம் ஒரு நிறமும் இல்லை.

வகுப்பில் காட்ட நினைக்கிறவர்கள் 15-ஐத் தயங்காமல் காட்டுங்க. 29-க்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, 'சமமாக இல்லாமல் போனால் என்ன கெட்டுப்போகும்?' என்று பிள்ளைகளிடம் கேளுங்க. அப்புறம் திறந்துக்கலாம்.